கடற்கரை ஊர்களில் ஓட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் சம்பளம் வாங்காமல் ஒரு வேட்பாளருக்காக வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவர்களுக்கு எழுதியது இது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பொருந்தும். சுயேச்சைக்கு உழைப்பவருக்கும் பொருந்தும். புதிதாகத் தேர்தல் வேலைக்கு வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எனக்கு மேடையில் பேச வராது. என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

மேடைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். வாசலுக்குத்தான் ஆள் இல்லை. மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான். வேட்பாளர் பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். பிரசார வேனில் கைகூப்பியபடி அவர் அரை நிமிடத்தில் தெருவைக் கடந்துவிடுவார். அவர் சொல்வதை நம்பலாமா என்று ஊர் எடைபோடுவது, அவருக்காக வந்து நிற்கிற உங்களை வைத்துத்தான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வென்றால் அவர் சென்னைக்கோ டெல்லிக்கோ போய்விடுவார். நீங்கள் அதே ஐஸ் கம்பெனி முக்கில், அதே ரேஷன் கடை வரிசையில் நிற்கப்போகிறீர்கள். ‘அன்றைக்கு நீதானே வந்து சொன்னாய்?’ என்று கேட்க ஊருக்கு ஐந்து வருடம் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லப்பட்டவை.

முதலில் யாரிடம் போவது?

உங்களைத் தெரிந்தவர்களிடம். வாக்காளர் பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் போகக் கூடாது என்று 2025-இல் தேர்தல் ஆணையம் வரம்பைக் குறைத்தது, அதற்குமுன் 1,500. அந்தப் பட்டியலில் பெயரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வருகிற வீடுகளுக்குப் பேனாவால் குறி போடுங்கள். அவை உங்கள் பொறுப்பு. மீதி வீடுகளுக்கு அவற்றைத் தெரிந்த இன்னொருவரைப் பிடியுங்கள். தெருவுக்குப் புதியவர் நூறு வீடு ஏறுவதைவிடத் தெரிந்தவர் பதினைந்து வீடு ஏறுவது மேல்.

எந்த நேரத்தில் போனால் ஆள் கிடைப்பார்கள்?

உள்நாட்டு ஊர்களில் ‘காலை ஏழு மணி, மாலை ஆறு மணி’ என்று சொல்லிவிடலாம். கடற்கரையில் அது எடுபடாது. இங்கே கடலைக் கேட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கட்கிழமை போன படகு செவ்வாய் விடியலில் திரும்பும். அதன்பின் மீன் இறக்க வேண்டும், ஏலம் போட வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும். எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து படுத்தவரைப் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பி ஓட்டுக் கேட்டால், அவர் கட்டாயம் ஓட்டுப் போடுவார், உங்களுக்கு எதிராக. அன்று மாலை வலை சரிபார்க்கும் இடத்துக்குப் போங்கள். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் நமக்கு இயற்கையாகவே வாய்த்த பிரசாரக் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் இருக்கும். மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் 2019-இல் ஏப்ரல் 18 அன்றும் 2024-இல் ஏப்ரல் 19 அன்றும் வாக்குப்பதிவு நடந்தது, இரண்டும் தடைக்காலத்துக்குள். ஆனால் ஆள் ஊரில் இருக்கிறார் என்பதற்காக மனம் லேசாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். வருமானம் நின்றுபோய், படகுப் பராமரிப்புக்குக் கடன் வாங்கிய நேரம் அது. தடைக்கால நிவாரணத்தை 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தார்கள். அந்தப் பணம் வந்ததா, யாருக்கு விடுபட்டது என்ற பேச்சு திண்ணைதோறும் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகாதீர்கள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போவார்கள். நாள்காட்டியைப் பார்க்காமல் போனால் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்பீர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்தையும் விட்டுவிடுங்கள். 2024-இல் பிரசாரக் காலத்தின் பெரும்பகுதி ரமலான் நோன்புக்குள் விழுந்தது. நோன்பாளி வீட்டில் மாலை ஐந்தரைக்குப் போய் நீளமாகப் பேசுகிறவருக்கு இரக்கம் இல்லை என்றுதான் பொருள்.

வாசலில் நின்று என்ன பேசுவது? மாதிரி ஏதாவது உண்டா?

மனப்பாடம் செய்ய வேண்டாம். வரிசை மட்டும் நினைவில் இருக்கட்டும்: நான் யார், உங்களுக்கு என்ன குறை, என் வேட்பாளர் அதில் என்ன செய்ய முடியும், எனக்கு ஏன் அவர்மேல் நம்பிக்கை. பலரும் மூன்றாவதில் ஆரம்பித்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படி ஒரு பேச்சை எண்ணிப் பாருங்கள். “மதனி, நான் கிழக்குத் தெரு வலைக்காரர் மகன். தேர்தல் விஷயமாக வந்தேன். இந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் வருகிறதா?” “எங்கே வருகிறது? குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம்.” “எத்தனை நாளாக?” அவர் சொல்லட்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அவர் மகள் போய்வருவதைச் சொல்வார்; குழாயடிச் சண்டையைச் சொல்வார். முழுக்கக் கேட்டுவிட்டு, “காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் உங்கள் தெருமுனை வரைக்கும்தான் வந்திருக்கிறது. உள்ளே இழுக்க வேண்டியது ஊராட்சி. எங்கள் வேட்பாளர் வந்தால் தொகுதி நிதியில் அதற்குப் பணம் கேட்கலாம். கேட்கச் சொல்லி நானே எழுதிக் கொடுக்கிறேன்” என்று சொன்னால் போதும். நீங்கள் ‘கேட்கலாம்’ என்றுதான் சொன்னீர்கள். ‘வந்துவிடும்’ என்று சொல்லவில்லை. மதனி அந்த வித்தியாசத்தைக் கவனிப்பார்.

முறை வைத்துக் கூப்பிடுவதில் கவனம் தேவை. தெரிந்த வீட்டில் இருக்கிற முறையைச் சொல்லுங்கள்: மாமா, சித்தப்பா, மதனி, அப்பத்தா. தெரியாத வீட்டில் அண்ணன், அக்கா, அம்மா, ஐயா போதும். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா, அக்காவை லாத்தா என்று அழைப்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். வெளியூர்க்காரர் அதை ஓட்டுக்காகக் கற்றுக்கொண்டு வந்தால் நடிப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, தண்ணீர். விலைக்குத் தண்ணீர் வாங்குகிற வீட்டில் பத்துப் பேர் நுழைந்து ஆளுக்கு ஒரு செம்பு கேட்காதீர்கள், பாட்டில் கொண்டுபோங்கள். அவர்களே செம்பை நீட்டினால் மறுக்காதீர்கள். அந்த வீட்டுத் தண்ணீரை ஏன் குடிக்கவில்லை என்பதற்கு நம் மாவட்டத்தில் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஊகிப்பார்கள்.

எத்தனை பேராகப் போவது?

இரண்டு பேர். ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. கொடியும் மேளமும் ஊர்வலத்துக்கு.

“ஐந்து வருடமாக எங்கே போயிருந்தீர்கள்?” என்று கத்தினால்?

கத்துகிற வீடு நல்ல வீடு. பேசாமல் தலையாட்டி, துண்டுப்பிரசுரத்தை வாங்கி வைத்துக்கொள்கிற வீட்டில்தான் உங்களுக்கு ஓட்டு இல்லை. நின்று கேளுங்கள். குறுக்கே ‘எங்கள் ஆட்சியில்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் சொன்ன குறை உண்மையானால் உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் கட்சி செய்யத் தவறியதாக இருந்தாலும் சரி. கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தெருவிளக்கு, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று அவர் கண்முன்னே எழுதுங்கள். எழுதியதை அன்றிரவே வேட்பாளர் அலுவலகத்தில் சேர்க்க முடியாது என்றால் எழுதாதீர்கள்.

இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடிப்பது, கச்சத்தீவு பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

நம் கடற்கரையில் அதிகம் பொய் சொல்லப்பட்ட விஷயம் இது. ஆகவே நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

கச்சத்தீவு இலங்கைக்குப் போனது 1974 ஒப்பந்தத்தில். 1976-இல் இரு நாடுகளுக்கும் நடந்த கடிதப் பரிமாற்றத்துக்குப் பிறகு, மீனவர்கள் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் போய்ப் பிடிப்பது நின்றாக வேண்டும் என்றானது. அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வருவது தொடர்கிறது. வெளிநாட்டு உறவு மத்திய அரசின் கையில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில். அதற்கு அப்பால் மத்திய அரசு. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை இலங்கை 2017-இல் தன் கடலில் சட்டம் போட்டே தடைசெய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது.

உங்கள் வேட்பாளர் சட்டமன்றத்துக்கு நிற்கிறார் என்றால், “பிடிபட்ட படகை மீட்டுத் தருவோம்” என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. சட்டமன்றத்தில் பேசலாம், முதலமைச்சரை மத்திய அரசுக்கு எழுதச் சொல்லலாம், சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் உதவி வந்து சேர்கிறதா என்று பின்தொடரலாம், படகை இழந்தவருக்கு இழப்பீடு கேட்கலாம். மக்களவைக்கு நிற்கிறார் என்றால் நாடாளுமன்றத்தில் எழுப்பலாம், வெளியுறவு அமைச்சரைப் பார்க்கலாம். இவ்வளவுதான். இதை இவ்வளவுதான் என்றே சொல்லுங்கள். ‘கச்சத்தீவை மீட்போம்’ என்பதை ஐம்பது வருடமாகக் கேட்டு வருகிறவரிடம் நீங்களும் அதையே சொன்னால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையும் அதோடு சேர்ந்து போகும்.

கணவரோ மகனோ யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிற வீடு என்று தெரிந்தால், அங்கே ஓட்டுப் பேச்சே வேண்டாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து, மீன்வளத் துறை அலுவலகத்துக்கு யாரையாவது உடன் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். துண்டுப்பிரசுரம் பையிலேயே இருக்கட்டும்.

விசைப்படகுக்காரர் ஒன்று சொல்கிறார், நாட்டுப்படகுக்காரர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?

ஒரே ஊரில் காலையில் ஒரு பக்கம், மாலையில் இன்னொரு பக்கம் பேசிவிட்டுத் தப்பித்த காலம் போய்விட்டது. நீங்கள் துறைமுகத்தில் பேசியது, நீங்கள் பாலத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த கரைக்குக் கைப்பேசியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இழுவைமடி கரையோரம் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது நாட்டுப்படகுக்காரரின் நெடுநாள் குறை. டீசல் விலை, பிடிபடும் பயம், வங்கிக் கடன் என்பவை விசைப்படகு சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், குறை. அந்தப் படகில் கூலிக்குப் போகிறவருக்கு இரண்டும் இல்லாத மூன்றாவது குறை இருக்கிறது, அவரை யாரும் கேட்பதுகூட இல்லை. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதில் நடுநிலைக்கு இடமில்லை. மற்றவற்றில் உங்கள் வேட்பாளரின் நிலை என்ன என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பிரசாரத்தின் முதல் வாரத்திலேயே கேளுங்கள். அவர் மழுப்பினால், “இதில் அவர் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை, கேட்டு வருகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு கரையிலும் ஒரே வார்த்தையைச் சொல்ல முடியாத விஷயத்தை எந்தக் கரையிலும் சொல்லாதிருப்பதே புத்தி.

“ஆம்பிளைகள் இல்லை, அப்புறம் வாருங்கள்” என்கிறார்கள். திரும்பி வந்துவிடுவதா?

ஏன்? பேசுகிறவரின் ஓட்டு அந்த வீட்டு ஆண்களிடமா இருக்கிறது? தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். கடலுக்குப் போகிற ஊரில் பகலில் வீட்டை நடத்துவதும், கருவாடு விற்பதும், சுய உதவிக் குழுக் கடனைக் கட்டுவதும் அவர்கள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையில் இழுபறி ஓயவில்லை. அதைப் பற்றி ஒரு பெண் தொண்டர் போய்க் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். ஓர் ஆண் போய் வாசலில் நின்றால் ‘அப்புறம் வாருங்கள்’தான். பெண் தொண்டர் இல்லாத குழு, பாதிப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்குகிறது.

ஜமாஅத்தோ தேவாலயப் பங்குப் பேரவையோ ஊர்க்கூட்டமோ ஒரு முடிவெடுத்துவிட்டால் போதாதா?

பெரியவர்களைப் போய்ப் பார்ப்பது மரியாதை. அதைச் செய்யாமல் தெருவில் இறங்காதீர்கள். அதோடு வேலை முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். திரையை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறவர் தனியாகத்தான் இருக்கிறார். ‘ஊர் முடிவு’ என்று கேட்டு வந்து, எண்ணிக்கை நாளில் சாவடி வாரியான கணக்கைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. மேலும், பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஆகியவற்றைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. வெளியே டீக்கடையில் பேசிக்கொள்ளுங்கள்.

“நம்ம ஆள்” என்று சொல்லிக் கேட்கலாமா?

கூடாது. சாதி, மதம், மொழி, இனம் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆவது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. வேட்பாளரோ அவர் சம்மதத்துடன் இன்னொருவரோ செய்தது நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம். இது வேட்பாளரின் சாதி, மதத்துக்கு மட்டுமல்ல, கேட்கப்படுகிற வாக்காளரின் சாதி, மதத்துக்கும் பொருந்தும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது.

சட்டத்தை விடுங்கள். ஒரு தெருவில் அப்படிக் கேட்டால் அடுத்த தெருவில் உங்கள் முகத்தைக் காட்ட முடியாது. இந்த மாவட்டம் சாதிச் சண்டையில் சிந்தியது போதும்.

“வீட்டுக்கு எவ்வளவு?” என்று நேரடியாகக் கேட்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

கேட்கிறவருக்கு வெட்கம் இல்லாமல் பழக்கியது நாம்தான். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. பண விநியோகத்தால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் நின்றன, 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நின்றது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது.

ஆனால் ஒரு அப்பத்தாவிடம் போய்ச் சட்டப் பிரிவு வாசிக்காதீர்கள், ஏழையின் நேர்மையைப் பற்றி உபதேசமும் செய்யாதீர்கள். “அப்பத்தா, நான் காசு கொண்டுவரவில்லை. மற்றவர் கொடுத்ததைப் பற்றிப் பேசவும் வரவில்லை. உள்ளே போய் எதை அழுத்துகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது” என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பணம் கொடுத்தவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் பல வயதானவர்களுக்கு இன்னும் இருக்கிறது. சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறவர்கள் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

உங்கள் தரப்பிலேயே கவர் கட்டுகிறார்கள் என்றால்? நீங்கள் அதைத் தொடாதீர்கள். பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே எத்தனை வீடு என்று எழுதுகிறவர், பிடிபடும்போது தன் பெயரை எழுதியிருக்க மாட்டார். புகார் செய்ய வேண்டுமானால் 1950 என்ற எண்ணும், படம் எடுத்துக் கைப்பேசியிலேயே புகார் அனுப்பும் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதியும் இருக்கின்றன.

எதிர் வேட்பாளரைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒன்று இருக்கிறது. சொல்லலாமா?

அவர் சட்டமன்றத்தில் என்ன பேசினார், நிதியை எங்கே செலவழித்தார் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அவருடைய வேட்புமனு உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ள சொத்தையும் வழக்கையும் சொல்லலாம், அது பொது ஆவணம். அவர் வீட்டு விஷயம் என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். பொய் என்று தெரிந்தே அவரது தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பரப்புவதும் அதே 123-ஆவது பிரிவில்தான் வருகிறது.

பெயரைச் சொன்னால் போதாதா? ஏன் சின்னம் சின்னம் என்று உயிரை எடுக்கிறார்கள்?

ராமநாதபுரத்துக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் இங்கே சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே ‘ஓ. பன்னீர்செல்வம்’ என்ற பெயருடன் வேறு சிலரும் இயந்திரத்தில் இருந்தார்கள். அவருக்காக உழைத்தவர்கள் பலாப்பழத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததற்குக் காரணம் அதுதான். பெயரோடு சின்னம், வரிசை எண், வேட்பாளரின் புகைப்படம் மூன்றையும் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு மாதிரித் தாளில் விரலை வைத்துக் காட்டுங்கள். அழுத்தியபின் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஏழு நொடி சீட்டுத் தெரியும் என்பதையும் சொல்லிவைத்தால் பதற்றம் குறையும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? ஊரில் பாதிப் பேர் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்களே?

அவர்களுக்கு ஓட்டு இருக்கலாம், ஆனால் அங்கிருந்தே போட முடியாது. வெளிநாடு வாழ் வாக்காளராகப் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்த்திருந்தாலும், அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். ‘ஆன்லைனில் ஓட்டுப் போடலாம்’ என்று தேர்தலுக்குத் தேர்தல் சுற்றிவரும் செய்தி பொய்.

ஆனால் கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போன மகன் இரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு உங்கள் பத்து நாள் நடைக்குச் சமமான பலம் உண்டு. ஆகவே அவரிடம் பேசுங்கள். குழுவில் பொதுவாகப் போடாமல், தெரிந்தவருக்குத் தனியாக, உங்கள் குரலில், ஒரு நிமிடத்துக்குள். யாரோ வடிவமைத்த படத்தை முன்னனுப்பினால் அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். மீன் விலை, காற்று நிலவரம் பகிர்கிற குழுக்களில் அரசியலைக் கொண்டுபோகாதீர்கள். கச்சான் காற்று எப்போது அடங்கும் என்று பார்க்க வந்தவர் எரிச்சல்படுவார்.

பட்டியலில் பெயரே இல்லை என்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்?

தொண்டர் செய்யக்கூடிய பெரிய உதவியே இதுதான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீங்கின. தொழிலுக்காகக் கேரளத்துக்கும் மங்களூருக்கும் போயிருந்தவர்கள், வீடு மாறியவர்கள் எல்லாம் கவனமாகப் பார்க்க வேண்டியவர்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய ஆளைப் பிடித்தாலும் நடக்காது. ஆகவே பிரசாரம் சூடுபிடிக்கும் முன்பே இதை முடியுங்கள். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று தெரிந்தவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுங்கள். அதை அந்தத் தெரு மறக்காது.

வாக்காளர் அட்டை தொலைந்துபோனவரிடம், பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புத்தகம் போன்றவற்றைக் காட்டலாம் என்று சொல்லுங்கள். 85 வயது கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத உடற்குறை உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

மண்டபம் முகாமில் இருக்கிறவர்களிடம் போகலாமா?

இலங்கையிலிருந்து வந்து, இந்தியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை. பேசலாம், பழகலாம், ஓட்டுக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஆர்வத்தில் நானே சொந்தச் செலவில் நோட்டீஸ் அடித்தால்?

வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அடிக்காதீர்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத நோட்டீஸ் சட்டவிரோதம். செலவும் அவர் கணக்கில்தான் ஏறும். சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்பது உச்சவரம்பு. அடுத்தவர் சுவரில் ஒட்டவும் வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். உப்புக்காற்றில் பெயர்ந்துகிடக்கும் சுவரை இப்போதுதான் வெள்ளையடித்திருப்பார், அதில் பசை தடவிவிட்டு அவரிடமே ஓட்டுக் கேட்பது நடக்கிற காரியமா?

“நான் வேறு ஒருவருக்குத்தான்” என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வாதாடிப் பார்க்கலாமா?

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மச்சான் முறை உள்ளவராக இருந்தால் கேலி செய்துகொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். இன்னும் முடிவெடுக்காத வீடுகள் அடுத்த சந்தில் காத்திருக்கின்றன.

கடைசி இரண்டு நாளும் வாக்குப்பதிவு நாளும் எப்படி?

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பொதுக்கூட்டமும் ஊர்வலமும் நின்றுவிட வேண்டும். ஒலிபெருக்கி எப்போதுமே இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர்க் கட்சிக்காரர்கள் அந்த நேரத்தில் கிளம்பியாக வேண்டும். மதுரையிலிருந்து வந்த நண்பரை வழியனுப்பிவிடுங்கள்.

அன்றைக்குச் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது குற்றம். உங்கள் மேசை 200 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெயர்ச் சீட்டு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் வெறும் வெள்ளைத் தாளில், சின்னமோ வேட்பாளர் பெயரோ இல்லாமல். நாட்டுப்படகில் போனவர்கள் தாமதமாகக் கரைதிரும்பினால், முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும், டோக்கன் கொடுத்து உள்ளே விடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பக்கத்து வீட்டு அப்பத்தாவை ஆட்டோ வைத்து அழைத்துப்போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் பேரன் தன் வண்டியில் கூட்டிப்போனால் பிரச்சினை இல்லை. வேட்பாளர் தரப்பு வாகனம் பிடித்து இலவசமாக வாக்காளர்களை ஏற்றிப்போனால் அது 123-ஆவது பிரிவில் வரும். பேரனுக்கு முந்தின நாளே நினைவுபடுத்துங்கள்.

தோற்றுவிட்டோம். அந்தக் குறைகள் எழுதிய நோட்டை என்ன செய்வது?

வென்றாலும் தோற்றாலும் அதே வேலைதான். நடத்தை விதிகள் விலக்கப்பட்டதும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் மறுபடி தொடங்கும். தெருவிளக்கும் குழாயும் ஊராட்சிக்கு, பட்டாவும் உதவித்தொகையும் தாசில்தாருக்கு, நிவாரணம் விடுபட்டது மீன்வளத் துறைக்கு என்று பிரித்து, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கி மனுவாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி, நகலை அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். வென்றவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் அவர் அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்பலாம். தொகுதி நிதி அவர் கையில்தான் இருக்கிறது.